மடித்த இலைக்குள்

3.3.2025, திங்கள்
மருமகள் தாரணி கடையின் பின்கட்டில் ஒரு தராசு வாங்கி வைத்திருக்கிறாள். சாப்பிட்ட இலைகளில் மிஞ்சும் சோற்றை வாளியில் சேர்த்து நிறுத்துப் படம் பிடிக்கிறாள். நேற்று மட்டும் பதினெட்டு கிலோ வீணாம். "அத்தை, எவ்வளவு வேணும்னு கேட்டுப் போடுங்க. பத்தலன்னா திரும்ப வைக்கலாம்" என்கிறாள். இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் அளவு கேட்பதா? சிராங்கூன் ரோட்டில் முப்பத்தொரு வருடம் கேட்காமல் பரிமாறிய கை இது.

4.3, செவ்வாய்
வாளியில் ரசத்தை ஊற்றுகிறாளோ? எடை ஏறத்தானே செய்யும்.

6.3, வியாழன்
மகன் மாணிக்கமும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். "அம்மா, கல்லாவுல உட்காருங்களேன், முட்டி வலிக்குதுல்ல?" என் முட்டிமேல் திடீர்ப் பாசம். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாதா எனக்கு. "ஒரு வாரம் பார்ப்போம்லா" என்றாள் அவள். "வாளி குறையலன்னா நான் பரிமாறறேன்." நிச்சயதார்த்தத்தில் இவள் அம்மா எனக்கு ஒரே ஒரு அப்பளம் வைத்தவள்தானே. பதினாலு வருடம் ஆகிறது. மறப்பேனா?

8.3, சனி
இன்று இடது வரிசைக்குத் தாரணி, வலது வரிசைக்கு நான். இலை எடுக்கும் பூவம்மாவிடம் இரண்டையும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். குட்டு உடையட்டும் என்றுதான். மடித்த இலைகளை நானே பிரித்தேன்.

தாரணி வரிசையில் கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை. என் வரிசையில் சோறு. இலைக்கு இலை சோறு.

புக்கிட் மேராவிலிருந்து பன்னிரண்டு வருடமாகத் தினமும் பஸ் ஏறிச் சாப்பிட வரும் யாழ்ப்பாணத்துக்காரர் விஸ்வலிங்கத்தின் இலையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை அப்பளத்தால் மூடி, இலையை மடித்து வைத்திருந்தார்.

"அவர் தினமும் அப்படித்தான் பாட்டி" என்றாள் பூவம்மா. "உங்க மூஞ்சிக்கு நேரா யாரு மிச்சம் வைப்பாங்க?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா விடுவீங்களா?"

9.3, ஞாயிறு
பன்னிரண்டு வருடமாக மறைத்திருக்கிறார் அந்த மனிதர்.

11.3, செவ்வாய்
அவரிடம் கேட்டேவிட்டேன். "எவ்வளவு போட?"

நிமிர்ந்து பார்த்தார். "ஒரு கரண்டி காணும் அக்கா. சுகர் எனக்கு."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனான் அக்கா. நீங்கள் போட்டுக்கொண்டே போயிட்டீங்கள்."

ஒரு கரண்டிதான் வைத்தேன். இலை வெறிச்சென்று கிடந்தது. பார்க்கப் பிடிக்காமல் அடுத்த மேசைக்குப் போனேன். அங்கேயும் கேட்டேன்.

13.3, வியாழன்
பதினொரு கிலோ. தாரணியை நம்பாமல் முள்ளை நானே குனிந்து பார்த்தேன். கல்லாவைப் பற்றி இன்று யாரும் பேசவில்லை.

17.3, திங்கள்
கடை கட்டும்போது மாணிக்கம் வழக்கம்போல் தாரணியைப் பார்த்து, "நாளைக்கும் இருபது கிலோ அரிசிதானே?" என்றான்.

"பதினஞ்சு போதும்" என்றேன் நான்.

தாரணி திரும்பிப் பார்த்தாள். நான் நாளைக்கான இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.