கல் குடிக்கும் தண்ணீர்

மெஹர் 6
மெஹர் மாதம் பிறந்தும் ஈரானின் இந்த அஹ்வாஸில் வெயில் இன்னும் இறங்கவில்லை. எண்ணெய்க் கிணற்றுக்காக நான் கணினியில் செய்த மாதிரியும் நிஜக் கிணற்றோடு ஒத்துப்போகவில்லை. அதை ஓட்டினால் பதினேழாம் கிணற்றில் எண்ணெய் கொட்டுகிறது. நிஜத்தில் வருவது தண்ணீர். தலைவர் ராஹ்தார் எல்லார் முன்னும், "திலாராம், உங்க கணினியில வர்ற எண்ணெயப் பீப்பாயில பிடிச்சுக் குடுங்களேன்" என்றார். ஒரே சிரிப்பு. மாதக் கடைசியில் கிணற்றைச் சிமெண்ட் போட்டு அடைக்கப்போகிறார்களாம். அப்புறம் உள்ளே கிடக்கும் எண்ணெய் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

மெஹர் 8
ஒன்றும் தோன்றவில்லை.

மெஹர் 11
அந்தக் கிணற்றைத் தோண்டியபோது எடுத்த பாறை உருளைகளைக் கிடங்கில் திறந்து பார்த்தேன். நடுநடுவே கல்லுக்குப் பதில் மரக்கட்டை! கல் நொறுங்கி மேலே வராமல் போன இடங்களில் அடையாளத்துக்கு வைத்தவை. அடக் கடவுளே — அங்கெல்லாம் பக்கத்துக் கல்லைப் பார்த்து, கெட்டிப் பாறை என்று மாதிரியில் நான்தானே நிரப்பினேன்? ஏன் நொறுங்கியது என்று கேட்டேனா? அங்கேதான் விரிசல். தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடி வருகிறது.

மெஹர் 14
விரிசல்களைச் சேர்த்து ஓட்டினேன். அச்சு அசலாக ஒத்துப்போகிறது!

மெஹர் 17
ஆய்வகத்திலிருந்து அஃப்சூன் கூப்பிட்டாள். எண்ணெய் ஊறிய சுண்ணாம்புக்கல்லைக் கண்ணாடிக் குழாயில், சூடான கடல்நீரில் போட்டிருந்தாள். "சும்மா பாருடி, தொட்டுத் தொலைக்காதே." கல்லின் மேல் எண்ணெய் முத்து முத்தாகத் துளிர்த்து மேலே ஏறியது. யாரும் அழுத்தவில்லை, உறிஞ்சவில்லை. என்றைக்கோ கடலடியில் செத்த சிப்பிகள் சேர்ந்து உண்டான கல், தானே தண்ணீரைக் குடித்து எண்ணெயை விடுகிறது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"அவசரப்படுத்தினா குடிக்காது" என்றாள். அதேதான். நாங்கள் வேகமாக இறைத்தோம். கல் குடிப்பதற்குள் தண்ணீர் விரிசல் வழியே ஓடிவந்துவிட்டது.

மெஹர் 20
அடைக்க வேண்டாம், வால்வைக் குறைத்து மெதுவாக எடுப்போம் என்று ராஹ்தாரிடம் சொன்னேன்.

"கல்லுக்குத் தாகம்னு அறிக்கையில எழுதட்டுமா?"

"எழுதுங்க. கீழே என் பேரையும் போடுங்க."

முறைத்தார். அடுத்த மாதம், ஆபான் முடியும்வரை கெடு கொடுத்தார்.

ஆபான் 9
இன்னும் தண்ணீர்தான். பயமா இருக்கு. கல்லுக்கு என்ன அவசரம்? எனக்குத்தான்.

ஆபான் 25
தண்ணீர் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எண்ணெய் ஏறுகிறது! களத்திலிருந்து செய்தி வந்ததும் அஃப்சூன் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சிமெண்ட் வேலையை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆபான் 27
ராஹ்தார் ஆய்வகத்துக்கு வந்தார். அந்தக் கண்ணாடிக் குழாய் முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. கூட்டத்துக்கு நேரமாகிறது என்று நினைவுபடுத்தினேன்.

"இருங்கம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "இன்னொரு துளி வருது."