சூடு வராத கார்

நாரின்,
டிசம்பர் 3

மீரிமின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அங்கும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி? அணைக்கட்டு வேலை நடக்கும் மலையில் போன் எடுக்காது, சரி. ரொட்டி வண்டிக்காரர் குபாத் வாரம் இரண்டு முறை வந்து போகிறாரே, அவர் கையில் நாலு வரி கொடுத்தனுப்பக் கூடாதா? அக்டோபர் கடைசியில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள்.

கரண்ட் காரில் சூடு வருவதில்லை. விசிறி ஓடுகிறது, வெறும் குளிர்காற்றுதான் வருகிறது. திரை முழுக்கச் சீன எழுத்து. மீரிம் தன் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். “வெப்பம் மரியாதையுடன் வந்துகொண்டிருக்கிறது” என்றதாம். இன்னும் வந்து சேரவில்லை.

அத்பாஷியிலிருந்து மூன்று பேரை டயாலிசிஸுக்கு ஏற்றி வருகிறேன். முந்தாநாள் மைனஸ் இருபத்தெட்டு. திரும்பும்போது, அந்த மூவரில் ஒருவரான தோல்கனாய் டீச்சருக்குப் பல் கிட்டிவிட்டது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் கண்ணாடியில் உள்ளே படிந்த பனியைச் சுரண்டினேன். கிஸில்-பெல் ஏற்றத்தில் எதிரே வந்த லாரி கடைசி நொடியில்தான் தெரிந்தது.

ஒரே ஒரு நாள் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போங்கள். அலுத்துவிட்டது எனக்கு.

ஷாய்ர்குல்

அணைக்கட்டு முகாம்,
டிசம்பர் 7

அன்புள்ள ஷாய்ர்குல்,

வர முடியாது, வேலை. கோபப்படாமல் நான் சொல்வதைச் செய்.

திரையில் பச்சை இலைப் படம் எரிந்தால் அணைத்துவிடு. அது சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று சூட்டைக் குறைத்துவிடும். அப்போதும் சரியாகாவிட்டால் முன்மூடியைத் திற. இந்தக் காரில் ஒரு திரவம்தான் சூடாகிறது. சின்ன பம்ப் அதைச் சுற்றவிடும், விசிறி அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். வெள்ளை டப்பாவில் திரவம் கோடு வரை நிற்கிறதா பார். சூட்டைப் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேள், பம்ப் ரீங்கரிக்க வேண்டும்.

ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதே. ஆளைக் கொல்லும் கரண்ட் அதில் ஓடுகிறது. இந்த வரியை இரண்டு முறை படி.

ஓமுர்பெக்

நாரின்,
டிசம்பர் 11

மீரிமின் அப்பாவுக்கு,

இலையை அணைத்தேன், பயனில்லை. திரவம் கோடு வரை இருக்கிறது. பம்ப் மூச்சுக் காட்டவில்லை. டீச்சரின் மகன் வேறு வண்டி விசாரிக்கிறானாம். அவனைக் குறை சொல்ல முடியுமா?

இன்னொன்று. உங்கள் கடிதத்தை யார் எழுதியது? உங்கள் எழுத்து சாய்ந்து ஓடும். இது முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது. அங்கே வேறு பெண் யாராவது எழுதித் தருகிறாளோ என்றுகூடப் போனது புத்தி. டீச்சரிடம் காட்டினேன். “அடி பைத்தியமே, முப்பது வருஷம் நோட்டு திருத்தினவ சொல்றேன். வலது கைக்காரன் இடது கையால எழுதினது இது” என்றார்.

குபாத்திடம் கேட்டேன். “அக்கா, நான் ரொட்டி கொண்டு போறவன். என்னை விட்டுடுங்க” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்ன நடந்தது?

ஷாய்ர்குல்

அணைக்கட்டு முகாம்,
டிசம்பர் 14

அன்புள்ள ஷாய்ர்குல்,

அக்டோபர் பதினெட்டாம் தேதி. கரண்ட்டை நிறுத்தியாச்சு என்றார்கள், மின்பெட்டியில் கை வைத்தேன். நிறுத்தியிருக்கவில்லை. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் போய்விட்டன. குபாத்திடம் சத்தியம் வாங்கியது நான்தான், அவரைத் திட்டாதே.

இப்போது கிடங்கில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். கார் பார்க்க வா என்று கூப்பிட்டாய். வந்து நின்று, ஒரு திருகைக்கூடத் திருப்ப முடியாமல் உன் முன்னால் விழிக்கவா? மீரிம் என் கையைப் பிடித்துக்கொண்டுதானே தூங்குவாள்?

போகட்டும். காரை அணைத்து, சின்ன பாட்டரியின் கறுப்பு முனையைக் கழற்று. பம்புக்குப் போகும் மெல்லிய வயர் இரண்டையும் விரலால் தடவிக்கொண்டே போ. குளிருக்கு ஒண்டிய எலி கடித்திருக்கலாம். அறுந்திருந்தால் முனைகளைச் சீவி, ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு முறுக்கி, தனித்தனியாக இறுக்கி டேப் சுற்று. உன்னால் முடியும்.

ஓமுர்பெக்

நாரின்,
டிசம்பர் 18

மீரிமின் அப்பாவுக்கு,

எலிதான். கம்பளி நூல் திரட்டிக் கூடே கட்டியிருந்தது. வயரை முறுக்கி டேப் சுற்றினேன். மூன்றாவது தடவையில் பம்ப் முனகியது. இன்று கிஸில்-பெல் ஏறும்போது டீச்சர், “ஷாய்ர்குல், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கேன், வேகுது” என்றார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். சூடு வந்ததற்காக அல்ல.

இரண்டு மாதம்! என்னை வேண்டாமென்று போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் அந்தக் குளிரில் ஓட்டியிருக்கிறேன். விரல் போனதற்கு உங்கள் மேல் கோபமில்லை. இதற்கு உண்டு, சீக்கிரம் தீராது.

சனிக்கிழமை எனக்கு ஓட்டமில்லை. பதினோரு மணிக்கு முகாமின் தடுப்புக் கம்பத்துக்கு வருகிறேன். மலை ஏறுவதற்கே பாதி சார்ஜ் போய்விடும். சூடு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் வீடு திரும்ப முடியாது. பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவேன். அதன் பிறகு கடிதம் எழுத மாட்டேன்.

ஷாய்ர்குல்

அணைக்கட்டு முகாம்,
டிசம்பர் 21

அன்புள்ள ஷாய்ர்குல்,

நீ காத்து நிற்க வேண்டியிருக்காது. கிடங்குச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கே பெட்டியோடு கம்பத்தடியில் இருப்பேன்.

மீரிமை அழைத்து வராதே என்று முதலில் எழுதினேன். மேலே கோடு போட்டு அடித்திருப்பது அந்த வரிதான்.

அழைத்து வா.

ஓமுர்பெக்