புற்றில் படாத அலவாங்கு

இன்று காலை என் மகள் நாகம்மா, பக்கத்து வீட்டு மாமியோடு புது அணைக்குப் போய்விட்டு வந்து நின்றாள். பாவாடையில் களிமண்ணும் சிந்திய பாலும் கலந்த மணம். "ஐயா, அணையிலை ஒரு புத்து எழும்பியிருக்கு. எல்லாரும் பால் வாக்கினம். நாங்களும் வாப்பமே?" என்று கேட்டாள். யுத்தம் என்று அரிசிக்குக் கூப்பனோடு அலையும் காலத்திலும் பாம்புக்கு வார்க்க இந்த ஊரில் பால் இருக்கிறது. எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது, மச்சான்.

பழைய அணையும் இதே இடத்தில்தான் நின்றது. வாசிகசாலைக்காரர் நாங்கள் நீச்சலடிக்கவும் பொங்கலுக்குத் தோணி ஓட்டவும் ஆசைப்பட்டு, வட்டுக்கோட்டைப் பக்கம் ஓடும் வெள்ளவாய்க்காலை மண்ணால் மறித்தோம். இரண்டாள் உயரம் இருக்கும். கொஞ்சக் காலத்தில் அதிலும் ஒரு கறையான் புற்று எழும்பி, ஊர் அதற்குப் பால் வார்க்கத் தொடங்கியது. நான் காரியதரிசி என்று மார்தட்டித் திரிந்தேன். நீ வன்னியில் குளக்கட்டு வேலைகளை மேற்பார்த்த ஓவசியர். விடுமுறைக்கு வந்தால் எல்லாரும் தோணியில் ஏற, நீ மட்டும் அணையின் வெளிப்பக்க அடிவாரத்தில் குந்தியிருப்பாய். "உவன் தண்ணியைப் பாக்க வாறானில்லை, சேத்தைப் பாக்க வாறான்" என்று நான்தான் பகிடி பண்ணுவேன்.

ஒரு நாள் அந்தச் சேற்றிலிருந்து சிரட்டையில் தண்ணீர் ஏந்தி வந்து, வாசிகசாலைக் கூட்டத்தின் நடுவில் மேசைமேல் வைத்தாய். "தெளிஞ்ச தண்ணி கசிஞ்சால் பயமில்லை. இது கலங்கி வருது. கட்டின்ரை வயித்தை அரிக்குது எண்டு அர்த்தம். புத்துக்குள்ளாலை கறையான் போன வழியிலை தண்ணி போகுது. புத்தை அடியோடை வெட்டிக் களிமண் போட்டு இடிக்கவேணும்" என்றாய். நாகதம்பிரான் குடியிருக்கும் புற்றில் யார் கைவைப்பது? சிரட்டையை யன்னலால் ஊற்றிவிட்டு, "பொங்கல் முடியட்டும், பாப்பம்" என்று சொன்னவன் நான்.

வெளியில் வந்ததும் நீ என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்தப் புற்றுக்குப் பால் வார்த்த பிறகு பிறந்தவள் நாகம்மா. அது உனக்குத் தெரியும். "உன்ரை மகளின்ரை புத்து. நீ சொல்லாமல் நான் தொடமாட்டன். ஆனால் மாரிக்கு முதல் சொல்லிப்போடு" என்றாய். நான் சொல்லவில்லை.

மார்கழியில் மூன்று நாள் விடாத மழை. மத்தியானம் மண் கிண்டும் அலவாங்குக் கம்பியோடு என் வாசற்படலையில் வந்து நின்றாய். "புத்தை விடு. மேற்கு மூலையை வெட்டித் தண்ணியைத் தரவை வெளிக்குத் திருப்புவம். ரெண்டு பேர் எண்டால் கெதியா வெட்டலாம், வா." நான் தாழ்வாரத்தில் நின்றபடி, "மழை கொஞ்சம் விடட்டும், வாறன்" என்றேன். நீ அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே போனாய். மழை விடவுமில்லை, நான் வரவுமில்லை.

அணை, புற்று நின்ற இடத்தில்தான் பிளந்தது. நீ மூலையை வெட்டிவிட்டு, கசிவு குறைந்ததா என்று பார்க்க வழக்கம்போல அடிவாரத்தில் இறங்கியிருப்பாய். உன் உடலை வயலுக்குள் கண்டெடுத்தார்கள். ஆட்கள் எல்லாம் அங்கே ஓட, நான் மேற்கு மூலைக்குப் போனேன். உன் அலவாங்கு அங்கே நட்டபடி நின்றது. புற்றிலிருந்து ஐம்பது பாகம், முந்நூறு அடியாவது தள்ளி. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து வைக்கோலுக்குள் ஒளித்தேன். நீ வெட்டிய வாய்க்காலை மழை தூர்த்துவிட்டது. நீ புற்றைத் தொடவில்லை என்பதற்கு இனி ஊரில் சாட்சியே இல்லை.

உன் செத்தவீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. "அலவாங்கோடை போனவனாம். புத்திலை கைவைச்சால் நாகம் விடுமே?" உன் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு தலைவிரிகோலமாக இருந்தாள். நான் பாடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். சொல்லவில்லை. 'நாகத்தை வெட்டினவன்ரை பெண்சாதி' என்ற பேரோடுதான் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்குத் தாய்வீடு போனாள். என்னை மனிதன் என்று இந்த ஊர் இன்னும் கும்பிடுகிறது.

காலையில் நான் பால் கொடுக்கவில்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு அணைக்குப் போய், பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கப் புதுப் புற்றைக் கிண்டினேன். யாரோ ஒருத்தி, "முந்தி ஒருத்தன் இப்பிடி வெட்டித்தான் செத்தவன்" என்றாள். "அவன் வெட்டேல்லை" என்றேன். மூலையில் அலவாங்கு நின்றதையும் நான் ஒளித்ததையும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். நாளைக்கு உடுப்பிட்டிக்குப் போய் உன் மனைவியிடமும் சொல்லவேண்டும். அவள் காறித் துப்பினாலும் துடைக்க மாட்டேன்.

திரும்பி வரும் வழியில் நாகம்மா என் கையைப் பிடிக்கவில்லை. "அந்த மாமாவிலை பிழையில்லை எண்டு தெரிஞ்சும், ஏன் ஐயா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால், உன்னைக் கொன்றது அவளுடைய புற்று என்று ஊர் அவளைப் பழி சொல்லும் என்று பயந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது, மச்சான்? அலவாங்கைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தேன்.