ஏரி சுத்தம் என்று நான் சொன்னேன்

2 மே 2094, காலை 7.10
கதிர்க்குன்று மண் கண்காணிப்பு நிலையம். பதிவது: அல்லியங்கோதை, மண் ஆய்வாளர். ஆள் நான் ஒருத்திதான். அணு உலை விபத்து நடந்து முப்பத்தொரு ஆண்டு. அதில் கொட்டிய கதிரியக்கச் சீசியம் இன்னும் குன்றின் களிமண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழையில் அரிக்கும் மண்ணைத் தடுப்பணை நிறுத்துகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே நெடுங்கரை ஏரி. என் தங்கை சுடர்க்கொடி அந்த ஊரில்தான் இருக்கிறாள், மூன்று மாத கர்ப்பம். மழை 4 மி.மீ.

3 மே, பகல் 1.40
மழை 212 மி.மீ. சரிவே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஓடையில் ஓடுவது தண்ணீரில்லை, குழம்பு. ஏரிக்கு அனுப்பியது: "தண்ணீரைத் தொடாதீர்கள்."

3 மே, மாலை 4.05
அணை உடைந்தது. முப்பத்தொரு ஆண்டுச் சேறு அரை மணியில் காலி. பாதையும் போயிற்று. நடந்துகூட இறங்க முடியாது.

11 மே, காலை 9.30
ஏரியில் மிதக்கும் கருவி காட்டும் கதிர்வீச்சு அளவு வரம்புக்குள். சேறு அடியில் படிந்துவிட்டது. "ஏரி சுத்தம்" என்று அனுப்பினேன். தண்ணீரைத்தான் கேட்டார்கள், தண்ணீரைத்தான் சொன்னேன்.

26 மே, காலை 8.15
ஏரிக் காவலர் மாடக்கண்ணு வானொலியில்: "அம்மா, இந்த வருசம் வாய்க்கா முகத்துல வண்டல் வெண்ணெயா ஒதுங்கியிருக்கு! நாலு நாளா வண்டி வண்டியா வயல்ல அடிச்சாச்சு. நீங்கதான் சுத்தம்னுட்டீங்களே!"

ஐயோ. வருஷா வருஷம் ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? அட பாவி, படித்து என்ன கிழித்தாய்?

"அள்ளுறத நிறுத்துங்க, அது விஷம்" என்று கத்தினேன். சுடரைக் கூப்பிடச் சொன்னேன்.

26 மே, காலை 8.50
இதைப் படிப்பவர் யாரானாலும், தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள்.

சுடர் பேசினாள். "ஏன்க்கா இப்படிக் கத்துற? நான் வயப்பக்கமே போகல. மசக்கைதான் படுத்துது, சோறு இறங்கல. வண்டியிலேந்து சிந்துன வண்டல் நம்ம தெருவுல காஞ்சு கட்டி கட்டியா கெடக்கு, என்னா வாசன தெரியுமா! தெனம் ரெண்டு கட்டி வாயில போட்டாத்தான் குமட்டல் நிக்குது. நீ சுத்தம்னு சொன்ன பெறகுதான் தின்னேன், சத்தியமா."

துப்பு என்றேன். துப்புடி, துப்பு. இரைச்சல். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே