காற்றில் ஆறும் எஞ்சின்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறாய் என்பதில் நிம்மதி. இங்கே எல்லோரும் இருக்கிறோம். எல்லோரும் என்றால் நான், அம்மா, ஷெட்டில் நீ விட்டுப்போன பழைய கார்.

நீ கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எண்ணெய் இன்னும் ஒழுகுகிறது. எஞ்சினுக்குக் கீழே ஒரு பழைய தட்டை வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும் முன் பார்த்தால் கரண்டி அளவு தேங்கியிருக்கும். பேட்டரி செத்துவிட்டது. கார்புரேட்டர்களுக்குள் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காய்ந்து போயிருந்ததாம். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னது உன் பழைய மெக்கானிக் மோப்பம்தான். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இன்னமும் வாயைத் திறக்கிறார். அந்தப் பட்டப்பெயரும் அவரை விட்டபாடில்லை.

"வண்டி ஓடித் தேயறதை விட நின்னு கெடறதுதாம்மா அதிகம். ரப்பரெல்லாம் காஞ்சு போச்சு. தம்பி வந்து ஓட்டினா பாதி நோய் தானா போயிடும்" என்றார். நீ வருவாய் என்றோ வரமாட்டாய் என்றோ நான் சொல்லவில்லை. டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதிலேயே போயிற்று. கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவி மாட்டி, புது பேட்டரி வைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நாலைந்து முறை முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நீலப் புகை ஷெட்டை நிறைத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். இந்த எஞ்சினில் சிலிண்டரெல்லாம் படுத்த வாக்கில் இருக்கும், நிற்கும்போது எண்ணெய் அதில் இறங்கிவிடும், எரிவது அதுதான் என்று மோப்பம் அவருக்கு விளக்கினார். தையல்காரர் தலையை ஆட்டினாரே தவிர வாளியைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் புகை அடங்கியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல அந்தப் பழைய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு முன்னறைக் கட்டிலே கதி என்று கிடப்பதை முன்பே எழுதியிருந்தேன். கொஞ்ச காலமாக எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்பதோடு சரி. அன்றைக்கு எண்ணெய்க் கையோடு நான் உள்ளே போனால், கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வந்துட்டானா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "கை கழுவிட்டு வரேம்மா" என்றுதான் வந்தது. அன்று பாலில் ரொட்டியை நனைத்துத் தரச் சொல்லி அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வேறு விசேஷம் இல்லை. அங்கே குளிர் கடுமை என்று எழுதியிருக்கிறாய். காதை மூடிக்கொள். உனக்குக் காதுவலி வந்தால் நீ படுகிற பாடு எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா

•

அன்புத் தம்பி,

நலம்தானே? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றுவிட்டது.

வாரத்துக்கு ஒரு தரம் எடுத்தால் போதும், எடுத்தால் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். சூடேற விட்டேன். நீ சொன்னபடி எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் அளவும் பார்த்தேன். ஆனால் வாரத்துக்கு ஒரு தரம் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் கண்ணாடிக் கடை வேலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஷெட்டுக்குத்தான் போனேன். சத்தம் கேட்டால் அம்மா தலையை வாரிக்கொள்கிறாள். ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள். ஏதோ நாலு வார்த்தை பேசுகிறாள். நீ வந்திருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதெல்லாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். என் இடத்தில் இருந்தால் நீயும் செய்திருப்பாய்.

போன வாரம் ஒரு நாள், இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே மறந்து வைத்த மாதிரி ஒரு நெடி வந்தது. சத்தத்துக்குள் டக் டக்கென்று இன்னொரு சத்தம். உடனே நிறுத்திவிட்டேன். மறுநாள் மோப்பம் வந்து எஞ்சின் மேல் காற்றை ஊதும் காற்றாடியின் கூட்டைக் கழற்றினார். உள்ளே எலிக் கூடு. ஷெட்டில் போட்டிருந்த பழைய மெத்தைப் பஞ்சு, தையல்காரர் வீட்டு வெட்டுத்துணி எல்லாம் சேர்த்து மெத்தென்று குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஒரு பக்கத்துச் சிலிண்டர்களுக்குக் காற்றே போகவில்லையாம்.

"தண்ணி ஊத்தற வண்டியா இருந்தா ஆவியா பொங்கி ஊரைக் கூட்டும். இது காத்துல ஆறற எஞ்சின். யார்கிட்டயும் சொல்லாது. உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே ஓடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏம்மா சிரிக்கறீங்க என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

சேதம் பெரிது. சிலிண்டரை அடிப்பாகத்தோடு இறுக்கிப் பிடிக்கும் நீளமான போல்ட்டுகளில் ஒன்று, சூட்டில் திருகு மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எஞ்சினை இறக்காமல் வேறு வழியில்லை. தையல்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடிக்க, ஜாக்கி வைத்து மெல்ல மெல்ல இறக்கினோம். இப்போது வண்டி எஞ்சின் கனம் இல்லாமல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எஞ்சின் பலகை மேல் கிடக்கிறது. பிரிக்கும்போது இன்னொரு போல்ட் மோப்பத்தின் கையிலேயே ஒடிந்தது. ஸ்பேனரை மூலையில் வீசிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து அவரே, "அவசரப்பட்டுட்டேன். சூடு காட்டிட்டுத் திருகியிருக்கணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா சீப்பை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். "இன்னைக்குச் சத்தமே இல்லையே" என்றாள். ரிப்பேர் என்றேன். சீப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். அப்புறம், "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

உன் மனைவி பிரிந்து போன சமயத்தில் அம்மா உன்னைப் பார்த்துச் சொன்னதை நான் இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. உனக்கு மறந்திருக்காது. அவளுக்கும் மறக்கவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

டாக்டர் வந்து பார்த்தார். கால் இரண்டும் நீர் கோத்து வீங்கியிருக்கின்றன. இருதயம் களைத்துவிட்டது என்றார். மாத்திரை எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "வெளியூர்ல யாராவது இருந்தா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

எனக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது, தம்பி. கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். மனுஷர் மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்து போய்த் திரும்பி வந்து, "உங்க கடைத் தரை கோணலா இருக்கும்மா" என்றார். முதலாளி சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

எஞ்சினை என்ன செய்யலாம் என்று எழுது. அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்றும் எழுதேன்.

அக்கா

•

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் இவ்வளவு சீக்கிரம் இதற்கு முன் வந்ததில்லை. தாளின் இரண்டு பக்கமும் படம் போட்டு, கெட்டுப்போன மரைக்குள் எஃகில் புது மரை வைப்பது எப்படி, போல்ட்டுகளை நடுவிலிருந்து குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது எப்படி என்று தெளிவாக எழுதியிருந்தாய். மோப்பம் அதை ஷெட் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி, 'அம்மாவை விசாரித்ததாகச் சொல்' என்று எழுதியிருந்தாய். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றாள். வாசித்தேன். அவ்வளவுதானா என்று அவள் கேட்கவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. புது மரை, புது போல்ட், புது பெல்ட், ஒழுகிய இடமெல்லாம் புது ரப்பர். எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டுமாம். அதைப் பிடித்துப் பார்க்க என்னையும் கூப்பிட்டார், லென்ஸ் பிடித்த கை என்பதால். காற்றாடிக் கூட்டுக்குக் கம்பி வலை போட்டாயிற்று, எலி வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் நான்தான் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டதும் மோப்பம் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, போதும் என்பது போல் கையை அசைத்தார். உள்ளே போனேன்.

அம்மா தலை வாரி முடித்திருந்தாள். "நீதானேடி முடுக்கினே?" என்றாள்.

கட்டிலருகே போய் நின்றேன். அவளே சொன்னாள். "அவன் சாவியைத் திருப்பினா அப்படியே விட்டுடுவான், அதுவா மூச்சு வாங்கட்டும்னு. நீ எடுத்த எடுப்புல காலை வச்சு அழுத்தறே. முதல் நாள்தான் அவன்னு நினைச்சேன். மறுநாளே தெரிஞ்சு போச்சு."

ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாள் முழுக்க நின்னு வேலை பாத்துட்டு, செருப்பைக்கூட கழட்டாம எனக்காக ஷெட்டுக்குப் போறே. வேணாம்னு எப்படிடி சொல்றது? நான் தலையாவது வாரிக்கலாம்னு வாரிக்கிட்டேன்."

அவளை நான் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி. அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் காலடியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்காதே என்று திட்டினாள்.

மறுநாள் அந்த வண்டியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். நீ வாங்கிய நாளிலிருந்து அவள் அதில் ஏறியதே இல்லை. நீயும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. தையல்காரரும் மோப்பமும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். இருக்கை அத்தனை தாழ்வு. அதில் அவளை இறக்கி உட்கார வைப்பதற்குள் மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது. மோப்பம் ஓட்டினார். பின்னால் ஒரு பை வைக்கத்தான் இடம், அதில் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினோம். அம்மா கதவுப் பிடியை விடவே இல்லை. "ரோடு மடியில வந்து விழற மாதிரி இருக்கு" என்றாள். பள்ளத்தில் இறங்கியபோது இடுப்பு வலித்திருக்கும், மூச்சுக் காட்டவில்லை. திரும்பி வரும்போது, "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றாள். இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றியோ உன் வண்டியைப் பற்றியோ அவள் சொல்லி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

ஷெட்டுக்கு வந்ததும் இறங்க மனசில்லாமல் அப்படியே இருந்தாள். மற்றவர்கள் விலகிப் போனார்கள். "அவன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "வேணாம். நீ எழுதாதே. நானே சொல்லணும்" என்றாள். போன் போட்டுத் தரட்டுமா என்றேன். தலையாட்டி மறுத்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

இரண்டு மூன்று நாளாகச் சாப்பாடு குறைந்துவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன். டாக்டர் தினமும் வந்து போகிறார். கடையில் லீவு சொல்லிவிட்டேன்.

அவள் உனக்கென்று வைத்திருக்கும் வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியாது. திட்டாக இருந்தாலும் இருக்கும், அவளை நம்ப முடியாது. எதுவாக இருந்தாலும் நீ நேரில் வந்து வாங்கிக்கொள். சொல்லிவிட்டு வரவேண்டும் என்றில்லை, எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் தட்டு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வழியெல்லாம் உனக்கு நல்ல துணை இருக்கட்டும்.

உன்னை எதிர்பார்க்கும்
அக்கா