அத்தை அறிவித்த போர்

மார்ச் 4, செவ்வாய்

என் மாமியாருக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் எங்கள் வீட்டில்தான். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நானும் அத்தையும் சேர்ந்தாற்போல நான்கு நாள் ஒரே வீட்டில் இருந்ததில்லை. "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு நழுவிவிட்டார். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியம்தான் வேலை. காலை முழுக்க நானும் அத்தையும் சுவர்க்கடிகாரமும்.

மார்ச் 6

பேச எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் என் விண்வெளி விளையாட்டைத் திறந்தேன். என்னிடம் பதினோரு கிரகம், ஒரு பீரங்கிகூடக் கிடையாது. சண்டையே போடாமல், ஒப்பந்தமும் வியாபாரமுமாகவே ஜெயிப்பது என்று வைராக்கியம். விளையாட்டுக் கணக்கில் இருநூறு வருடம் ஓட்டிவிட்டேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "யாரு அந்தப் பல்லி மூஞ்சி?"

"பக்கத்து ராஜா, அத்தை."

"அவன் கப்பல் உன் எல்லைக்குள்ள நிக்குதே. கேக்க மாட்டியா?"

"நிக்கட்டும். நட்பு ஒப்பந்தம் இருக்கு."

முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் பார்த்த பார்வையில், ஏதோ நானே டிக்கெட் இல்லாமல் ஏறியவள் போலக் கூசியது.

மார்ச் 11

பல்லி ராஜா ஒரு கிரகம் கேட்டான். கொடுத்துவிட்டேன். அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 14

இன்னொன்றும் கேட்டான். கொடுத்தேன். "கேக்கறவன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான்" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 19

கடையிலிருந்து வந்தால் – போர். அத்தை கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, என் பள்ளிக்கூடங்களை இடித்துப் போர்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். இருநூறு வருஷம். ஒரு மத்தியானத்துல போச்சு. "உங்கள யாரு இதத் தொடச் சொன்னா?"ன்னு கத்திட்டேன். நானா கத்தினேன்? நாலு வருஷத்துல முதல் தடவை.

அத்தை நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதுகெலும்பு இல்லாத ஜென்மம்னு உனக்கு அந்தப் பல்லி மூஞ்சி செய்தி அனுப்பினான். என் மருமகள அப்படிச் சொல்ல அவன் யாரு?"



நேற்றுச் சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்தால் போரே நடந்திருக்காது. திறக்கவில்லை. "கொஞ்சம் நகருங்க அத்தை, வலப்பக்கம் காவலே இல்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 2

நான்கு கிரகம் போனது, ஏழு வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சமாதானம்னு சொன்னியே?" என்றார்.

"சும்மா இருடா" என்றார் அத்தை. எனக்கும் அதே கருத்துதான்.

ஏப்ரல் 15

கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம், இனி ஊருக்குப் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பயணப் பேச்சை எடுத்தார்.

"அவங்களுக்கு இன்னும் வலிக்குதாம்" என்றேன்.

அத்தை உடனே எழுந்து சமையலறை வரை நொண்டிக் காட்டினார். நொண்டியது இடது கால். உடைந்தது வலது. என் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.