கக்கத்துக்குத் துணி

மாப்ள,

நேற்று கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு கழிவுநீர் லாரி என் பக்கத்தில் வந்து நின்றது. டீசலும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் டிரைவர் சீட்டைப் பார்த்தேன். நீ இல்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது.

பத்து வருஷம் ஒரே லாரியில் ஓடினோம். நீ டிரைவர், நான் சூப்பர்வைசர். மத்தியானச் சோறு முடிந்ததும் பைபிளைத் திறப்பாய். பெரிய ராஜாக்களை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் வந்து அடுத்த பக்கத்தில் காணாமல் போகிறவர்களைப் பற்றித்தான் சொல்வாய். நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் கேட்பேன். அப்படித்தான் எபெத்மெலேக்கு எனக்குப் பழக்கமானான்.

அரண்மனையில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரன் அவன். உண்மையைச் சொன்ன எரேமியா தீர்க்கதரிசியைப் பெரிய மனிதர்கள் சேற்றுக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். ராஜாவும் தடுக்கவில்லை. இவன் ஒருவன்தான் ராஜா எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருந்த நகரவாசலுக்கே போய், அது அநியாயம் என்று ராஜாவிடம் நேருக்கு நேர் சொன்னான்.

"எரேமியாவத் தூக்கிவிட அவன் கயிறு மட்டும் கொண்டுபோகல மாப்ள, பழந்துணியும் கொண்டுபோனான். கயிறு கக்கத்த அறுத்துரக் கூடாதுல்ல? தலைவன்னா அம்புட்டும் யோசிக்கணும்" என்றாய். நான் சிரித்தேன்.

பிறகு வில்லாபுரம் அடுக்குமாடியில் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யும் வேலை வந்தது. உறிஞ்சு குழாய் கிழிந்துவிட, நீ வேறு குழாய் வாங்கப் போயிருந்தாய். காண்ட்ராக்டர் போனில், "ஆள இறக்கு" என்றார். நான் எங்கள் தொழிலாளி வேலு அண்ணனிடம், "அஞ்சு நிமிஷ வேலைண்ணே" என்றேன். சொன்னது நான்தான்.

தொட்டிக்குள் இடுப்பளவு சேற்றில் அவர் புதைந்துபோனார். "மூச்சு முட்டுதுய்யா!" என்று கத்தினார். கயிற்றைப் போட்டு இழுத்தால் வலியில் அலறினார். அப்போதுதான் நீ ஓடிவந்தாய். உள்ளே குதிக்கப்போன என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"ஒருத்தனும் இறங்கக் கூடாது!"

உன் சட்டையையும் துண்டையும் கழற்றி உள்ளே போட்டாய். "அண்ணே, ரெண்டு கக்கத்துலயும் துணிய வச்சுட்டுக் கயித்த மாட்டுங்க." நாலு பேர் இழுத்தோம். உயிரோடு வந்தார்.

மறுநாள், வேலு அண்ணன் வழுக்கி விழுந்தார் என்று எழுதித் தரச் சொல்லிக் காண்ட்ராக்டர் உன்னை ரூமுக்குள் கூப்பிட்டார். நீ வாசலைத் தாண்டவில்லை.

"இங்கனயே பேசுவோம் சார், எல்லாரும் கேக்கட்டும். அவரு வழுக்கி விழல, நாமதான் இறக்குனோம். இனி மனுசன இறக்கச் சொன்னா வண்டிய எடுக்க மாட்டேன்."

அன்றே உன்னை வேலையை விட்டு நிறுத்தினார். நானோ, வேலு அண்ணன் தானாக வழுக்கி விழுந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ ஆட்டோ ஓட்டப் போனாய். வழியில் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய். ஒரு தடவைகூட அந்தக் கையெழுத்தைக் குத்திக்காட்டவில்லை. எனக்கும் வலிக்காமல்தான் நீ கயிறு போட்டிருக்கிறாய். அது புரிய எனக்கு இத்தனை நாள் ஆனது.

போன வாரம் பேரையூரில் ஒரு கல்யாண மண்டபம். மறுபடியும் எந்திரம் மக்கர் செய்தது. மறுபடியும் அதே குரல், "ஆள இறக்கு." நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"இறக்க மாட்டேன் சார். அன்னைக்கு இறக்குனதும் நாந்தான், பொய் எழுதுனதும் நாந்தான். இனி ரெண்டும் நடக்காது."

"அப்ப நாளைல இருந்து வேலைக்கு வராத."

"வாரேன் சார். வேலைக்கு இல்ல, வாசலுக்கு."

மண்டபத்துக்குக் கடைசியில் பெரிய எந்திரம்தான் போனது. எனக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் தினமும் காண்ட்ராக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போகிறேன். முதல் நாள் தனியாக நின்றேன். மறுநாள் வேலு அண்ணன் வந்தார். இன்று ஒன்பது பேர். நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பொய்க் காகிதத்தைத் திருப்பிக் கேட்கிறோம். தர முடியாது என்கிறார். தரும்வரை நாங்கள் நகர்வதாக இல்லை.